படகு எண்

இந்தக் கரையில் நின்று
நம்பு என்று கூப்பிட்டால்
ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.
எல்லாம் நம்புநாயகி கொடுத்த பிள்ளைகள்.
அன்றிரவு என் வார்டிலேயே இரண்டு நம்பு.

மண்டபம் ஆஸ்பத்திரி, ஆண்கள் பிரிவு.
முப்பத்தொரு பேருக்கு நான் ஒருத்தி.
பஸ்ஸுக்கு ஓடியபடி ஜெசிந்தா சொன்னாள்:
"நாலாம் கட்டில் நம்புவுக்கு இன்சுலின் பன்னெண்டு,
சாப்பாட்டுக்கு முன்னால."
நாலாம் கட்டிலுக்கு மேலே
மின்விசிறி மாலையிலேயே நின்றுபோனதையும்
சர்க்கரை நம்பு காற்றுத் தேடி
ஒன்பதுக்குப் போனதையும்
காய்ச்சல் நம்பு குளிருதென்று
நாலில் வந்து சுருண்டதையும்
யாரும் எழுதிவைக்கவில்லை.

"நம்புதானே?" என்றேன்.
"ஆமாக்கா" என்று கையை நீட்டினான்.
கேட்டதும் சரி.
சொன்னதும் சரி.
கஞ்சியைக்கூட வாந்தியெடுத்திருந்த உடம்புக்குள்
பன்னிரண்டு யூனிட் போனது.

பத்தே முக்காலுக்குக் கச்சான்
ஜன்னல் கதவை அறைந்தது. சாத்தப் போனேன்.
நாலாம் கட்டில் விரிப்பு நனைந்திருந்தது.
சாரல் என்று நினைத்தேன்.
கச்சானில் ஏது மழை?
"நம்பு" என்றேன். "தம்பி, நம்பு."
திரும்பவில்லை.
மீட்டரில் முப்பத்து நாலு.

பிறகு நடந்ததெல்லாம் கைகளுக்குத்தான் தெரியும்.
நரம்பு, ஊசி, டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்.
கண் திறந்ததும் கேட்டான்:
"வல்லம் கரையேறிருச்சாக்கா?"

ஒன்பதாம் கட்டில்காரர்
ஊசி தப்பிய நிம்மதியில் குறட்டை விட்டார்.
விடிந்ததும் பார்த்தோம்: நானூற்றுப் பன்னிரண்டு.

கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
'சர்க்கரை குறைந்தது. சிகிச்சை தரப்பட்டது.'
குறைத்தது யார்?
அந்த வாக்கியத்தில்
ஆளே இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.
"உயிர் இருக்குல்ல, விடு"
என்றார் மூத்த சிஸ்டர்.

அடுத்த வாரம் மீன் வந்தது.
அதற்கடுத்த வாரமும்.
ஓரா, முரல், ஒருமுறை ஐஸில் புதைத்த கணவாய்.
"அக்கா குடுத்த உசுரு" என்பான் எல்லோரிடமும்.
அவன் மனைவி என் கன்னத்தைத் தடவி
விரல்களைத் தன் நெற்றியில் சொடுக்கினாள்.
பைகளை வாட்ச்மேன் கையில் திணித்துவிடுவேன்.
வீட்டுக்குக் கொண்டுபோனது ஒரே ஒரு நாள்.
மகன் முள் எடுத்துக் கொடுத்தான்.
வாயில் வைத்தேன்,
விழுங்க முடியவில்லை.

ஆறாவது வாரம், சைக்கிள் நிறுத்துமிடத்தில்:
"அன்னைக்கி ஒன்ன எழுப்புனதும் நான்தான்,
கவுத்ததும் நான்தான் நம்பு.
அது வேறாளு மருந்து."
அவன் பையைப் பார்த்தான்.
கொடுப்பதா வேண்டாமா என்பதுபோல்
கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனான்.
வாசல்வரைக்கும் ஐஸ் தண்ணீர் சொட்டியிருந்தது.

அன்றே எழுதிக் கொடுத்தேன்,
'நான் போட்டேன்' என்று தொடங்கி.
டாக்டர் ஃபர்ஹானா இரண்டுமுறை படித்தார். திட்டவில்லை.
"கட்டிலு எப்படி மாறுச்சு?" என்று மட்டும் கேட்டார்.
மின்விசிறி இரண்டு மாதம் கழித்துச் சுற்றியது.

இப்போது பெயரை நாங்கள் சொல்வதில்லை.
அவர்கள்தான் சொல்ல வேண்டும்.
அப்பா பெயரும்.
பிறந்த தேதி கேட்டால் சிரிக்கிறார்கள்.
படகு எண் கேட்டால்
அரைத்தூக்கத்திலும் பிசகாமல் வருகிறது.
பாசி எடுக்கும் பெண்கள்
ரேஷன் கார்டு எண்ணை ஒப்பிக்கிறார்கள்.

மார்கழியில் வந்தான்.
தோளில் மகள், அனலாக.
கையில் மீன் இல்லை.
"பிள்ளை பேரு?"
"நம்புஸ்ரீ."
அப்பா பெயர், படகு எண்,
கேட்பதற்கு முன்பே சொன்னான்.
பிறகு என் கையிலிருந்த ஊசியைப் பார்த்து,
"அது என்ன மருந்து?"

பதினொரு வருடத்தில்
இந்தக் கரையில் என்னை அப்படிக் கேட்டவர் யாருமில்லை.
மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் திருப்பி
பெயர், அளவு, காலாவதித் தேதி
ஒவ்வொன்றாக வாசித்தேன்.
அவனுக்கு அந்த எழுத்துகள் தெரியாது.
ஆனாலும் குனிந்து
என் விரல் போன இடமெல்லாம் பார்த்தான்.

"ம், போடுங்க" என்றான்.
அதற்கப்புறம்தான்
பிள்ளையின் கையை விட்டான்.